பதினான்கு வருடம் பிந்திய நியமனக் கடிதம்



தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றி நம்மவர்கள் பலர் அறிவீர்கள். கண்டி அரசனோடு வியாபாரம் செய்யலாம் என்று 1620 இல் டேனியக் கப்பல்கள் முதலில் வந்தது திருகோணமலைப் பக்கம்தான். அது கைகூடவில்லை. அதே வருடம் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது அங்கே வேலை பார்த்தவர்களின் கதை. கணக்காளனுக்கு அதுதானே கண்ணில் படும்!

1639 இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்களோடு போக்குவரத்து நின்றது. அதில் போன வில்லெம் லேயல், முன்னிருந்த தலைவர் பெஸ்ஸார்ட்டின் கணக்கில் கடனையும் குழப்பத்தையுமே கண்டார். 1648 இல் அவரையே சொந்த ஆட்கள் கலகம் செய்து இறக்கிவிட்டார்கள். 1650 இல் கொப்பன்ஹேகனில் கம்பனியும் கலைக்கப்பட்டது. முதலாளியே இல்லை, பிறகு யார் நியமிப்பது, யார் சம்பளம் கொடுப்பது?

1655 இல் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்க என்பவர் கைக்கு வந்தது. பிரபு வம்சமல்ல, சாதாரண ஆள். மற்ற டேனியர்கள் இறந்தும் பிரிந்தும் போக, கடைசியில் எஞ்சியவர் அவர் ஒருவரே. கோட்டையைக் காத்து நின்றவர்கள் உள்ளூர் மக்களும் போர்த்துக்கேய வழிவந்தவர்களும். நாயக்கருக்குக் கட்டவேண்டிய திறை பாக்கியானதால் முற்றுகைகள் வந்தன. அவர் வங்காள விரிகுடாவில் கப்பல்களைப் பிடித்தார். அந்த வரவில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார், நாயக்கரோடும் சமாதானமானார். கொள்ளை என்றால் கொள்ளைதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் செலவுப் பக்கத்தில் மதிலும் காவலும் நிற்கும்போது வரவுப் பக்கத்தில் வேறு என்ன எழுதுவது?

வேறு ஐரோப்பியக் கப்பல்களில் நாட்டுக்கு அறிக்கைகளும் அனுப்பிக்கொண்டிருந்தார். 1669 இல்தான் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தது. அதில் அவரைத் தலைவராக உறுதிப்படுத்தும் அரச ஆணை இருந்தது. பதினான்கு வருடம் செய்த வேலைக்கு அப்போதுதான் நியமனம்! ஆணையில் இருந்தது அவர் பெயர். அவரோடு மதிலில் நின்றவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

1670 இல் புதுக் கம்பனி வந்தது. 1777 இல் அரசே நிர்வாகத்தை ஏற்றது. அதன் பிறகே அங்குள்ள அதிகாரிகள் மன்னரின் ஊழியர்கள். 1845 இல் தரங்கம்பாடியையும் சேரம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றபோது டென்மார்க் பெற்றது பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்.