தோல் துருத்தியும் ஒரு குட்டி நட்டும்

பழைய மாரிஸ் மைனர் கார் ஒன்று சிக்னலில் நிற்பதை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? சில கார்கள் 'துக்... துக்... துக்' என்று சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். சில கார்கள் இருமி, திணறி, பச்சை விழும் நேரம் பார்த்து அணைந்துவிடும்! பல சமயம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஒரு குட்டி நட்தான்.

அந்த கார்புரேட்டரின் பெயர் எஸ்.யூ. விரித்தால், 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. இதைக் கண்டுபிடித்த ஹெர்பர்ட் ஸ்கின்னரின் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? லண்டனில் செருப்பு வியாபாரம்! 1905-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, கருவிக்குள் இருந்தது ஒரு தோல் துருத்தி. முதல் துருத்தியைத் தைத்துக்கொடுத்தது ஸ்கின்னரின் மனைவியே என்று, பிற்பாடு அவர்களுடைய மகன் நினைவுகூர்ந்தார். பிறகு தோல் போய், உலோக பிஸ்டன் வந்தது. 1926-ல் கார் அதிபர் வில்லியம் மாரிஸ் அந்த கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார். அப்படித்தான் 1948-ல் பிறந்த மாரிஸ் மைனரிலும் எஸ்.யூ. இடம்பிடித்தது. கொழும்பு வீதிகளில் டாக்சியாக ஓடிய அதே மைனர்!

விஷயம் எளிமையானது. என்ஜின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, பிஸ்டன் மேலே எழும். அதன் அடியில் கூம்பு போன்ற ஊசி ஒன்று உண்டு. ஊசி எழும்பினால், பெட்ரோல் வரும் துளையில் இடைவெளி கூடும். கார் சும்மா நிற்கும்போது பிஸ்டன் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கும். மயிரிழை இடைவெளிதான். அதைக் கூட்டிக் குறைப்பதுதான் அந்த நட்டின் வேலை. ஆறு பக்கம் உள்ள நட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் அளவுக்குத்தான் திருப்ப வேண்டும்.

சரியா, தப்பா என்று எப்படித் தெரியும்? மெக்கானிக் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொள்வார். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் ஜாஸ்தி. என்ஜின் அணைந்தால் கம்மி. ஒரு கணம் கூடி, பழைய நிலைக்கு வந்தால்... பிரமாதம், கை எடுத்துவிடலாம்!

ஆனால், அந்தக் காதுக்கும் ஒரு எல்லை இருந்தது. பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், என்ஜின் இன்னும் மெத்தென்று ஓடும். காது 'சபாஷ்' போடும். அதே நேரம் சைலன்ஸர் வழியாகக் கூடுதல் கார்பன் மோனாக்ஸைடு வெளியேறும். நிறம் இல்லை, வாசனை இல்லை. பூட்டிய ஷெட்டுக்குள் ஆளையே கொன்றுவிடும்.

அதனால்தான் நட்டின் விவகாரத்துக்குள் சட்டம் நுழைந்தது. இந்தியாவில் பழைய பெட்ரோல் கார்களுக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. 1995 ஏப்ரலிலிருந்து டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னையில் புது பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்குக் கலவை துல்லியமாக இருக்க வேண்டும். கார்புரேட்டரும் காதும் தோற்ற இடம் அதுதான். சென்ஸாரும் கம்ப்யூட்டரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து கார் இருக்கிறதா? தாராளமாகக் காதை நம்பி நட்டைத் திருப்புங்கள், ஷெட் கதவை அகலத் திறந்துவைத்து. அப்புறம் மறக்காமல் புகைப் பரிசோதனைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். என்ஜின் பேசுவது உங்கள் காதில் விழும். பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவரின் நுரையீரல் பேசுவது விழாது!