கரைவலையும் கஃபீனும்: உடலுழைப்பு தேத்தண்ணியின் ஊக்கத்தைக் கரைக்கிறதா?

உடலுழைப்பு கஃபீனைக் குருதியிலிருந்து விரைந்து நீக்குகிறது, ஆகவே அதன் ஊக்கமும் உழைப்போடு சேர்ந்து தேய்ந்துவிடுகிறது என்ற கருத்து விளையாட்டு உடற்றொழிலியல் எழுத்துகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. இதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படுவது ஒரு சிறிய ஆய்வின் ஒற்றை அளவீடு. அளவீட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அதிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் நிற்காது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே சல்லி, நிலாவெளி, குச்சவெளி வரை நீளும் கடற்கரையில் இக்கேள்விக்கு நடைமுறைப் பொருள் உண்டு. கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களே கரைவலைக் காலம். உலர்ந்த கச்சான் காற்று வீசி வெயில் உச்சத்துக்கு ஏறுவதும் அப்போதுதான். வலை உரிமையாளரான சம்மாட்டியின் ஆட்கள் இரு பக்கமும் வரிசையாக நின்று, வலையின் மடி கரைசேரும் வரை கால்களை மணலில் ஊன்றி வடத்தை இழுக்கிறார்கள். இடையில் கேத்தலில் பிளேன்டீ வரும். சீனி கலந்தோ பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோ குடிப்பார்கள். ஒரு கோப்பையில் சாயத்தின் கடுமையைப் பொறுத்து ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது உடற்திறனைக் கூட்டும் அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாலு கோப்பை. ஒரு காலை வேலைக்குள் எட்டக்கூடிய அளவுதான். மேற்சொன்ன கருத்து சரியென்றால் இந்த நாலு கோப்பையும் நண்பகலுக்குள் செலவாகிவிட வேண்டும்.

சர்ச்சைக்குரிய ஆய்வு 1991இல் பிரான்சிலிருந்து வெளிவந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆரோக்கியமானவர்களுக்கு 250 மில்லிகிராம் கஃபீன் கொடுக்கப்பட்டது. ஒருமுறை அவர்கள் ஓய்வில் இருந்தார்கள். மறுமுறை உச்ச ஒட்சிசன் நுகர்வின் 30% அளவில் ஒரு மணிநேரம் பயிற்சி செய்தார்கள். பயிற்சியின்போது கஃபீனின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய நாலு மணிநேரத்திலிருந்து இரண்டரை மணிநேரத்துக்கும் கீழே இறங்கியது. பின்வந்தவர்கள் எடுத்தாண்டது இந்த ஒரு வரியைத்தான். அதே ஆய்வு இன்னும் இரண்டைச் சொன்னது: குருதியில் கஃபீனின் உச்சச் செறிவு உயர்ந்தது, அது உடலில் பரவும் கனவளவு குறைந்தது. இவ்விரண்டும் மேற்கோள்களில் பெரும்பாலும் காணாமற்போய்விடுகின்றன.

அரைவாழ்வுக் காலம் தனித்து நிற்கும் அளவன்று. பரவல் கனவளவை அகற்றல் வீதத்தால் வகுத்து, ஏறத்தாழ 0.7ஆல் பெருக்கினால் கிடைப்பது அது. ஆகவே அது குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஈரல் வேகமாக வேலை செய்யலாம், அல்லது கஃபீன் பரவும் இடம் சுருங்கலாம். அடியில் ஓட்டையுள்ள தொட்டியைச் சிறியதாக்கினால், ஓட்டையின் அளவு மாறாமலே தண்ணீர் விரைவில் வடிந்துவிடும். பயிற்சியின்போது நீர் இடம்மாறுகிறது, திரவவிழையத்தின் கனவளவு குறைகிறது, குருதி தோலுக்கும் தசைக்கும் திருப்பப்படுகிறது. இந்நிலையில் பரவல் கனவளவு சுருங்கியதாகத் தெரிவதில் வியப்பில்லை. கனவளவும் அரைவாழ்வும் ஒருங்கே குறைந்த இடத்தில், ஈரல் கஃபீனை மும்முரமாக அழித்தது என்று எழுதுவது பாதிக் கணக்கை மட்டும் செய்வதாகும். உச்சச் செறிவு உயர்ந்ததோ எதிர்த்திசையில் பேசுகிறது: உழைத்த நேரத்தில் குருதியில் கஃபீன் அடர்த்தியாகவே இருந்தது.

உடலின் பொறிமுறையும் இந்த ஐயத்துக்கே துணை நிற்கிறது. கஃபீனில் பெரும்பகுதியை உருமாற்றுவது ஈரலிலுள்ள சிவைபி1ஏ2 என்னும் நொதியம். ஒருமுறை ஈரலைக் கடக்கும் குருதியிலிருந்து அது அகற்றும் பங்கு சிறியது. எனவே கஃபீன் நீங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது நொதியத்தின் கொள்ளளவேயன்றி ஈரலுக்கு வரும் குருதியின் அளவன்று. ஒரு மணிநேர உழைப்பு அந்த நொதியத்தைக் கூட்டிவிடாது. சிறுநீரில் உருமாறாமல் வெளியேறும் கஃபீனும் சில வீதமே. வியர்வையின் பங்கை எளிதாகக் கணக்கிடலாம். 250 மில்லிகிராம் ஏறத்தாழ 40 லீற்றர் உடல்நீரில் பரவினால் லீற்றருக்கு 6 மில்லிகிராம் வரும். வியர்வையிலும் அதே செறிவு இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், கச்சான் வெயிலில் ஒரு லீற்றர் வியர்த்தவர் இழப்பது அந்த 6 மில்லிகிராமைத்தான். அது ஒரு கோப்பையின் அடிமண்டிக்குச் சமம்.

2002இல் கனடாவில் ஆண்களிலும் பெண்களிலும் இக்கேள்வி மறுபடி சோதிக்கப்பட்டது. பயிற்சியோடு வெப்ப அழுத்தமும் சேர்க்கப்பட்டது. கஃபீனின் உடல்நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஒரு சிறு ஆய்வை இன்னொரு சிறு ஆய்வு முறியடித்துவிட்டதாகச் சொல்வது அவசரமாகலாம். ஆயினும் வெப்பத்தையும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்த ஆய்வே திருகோணமலைக் கரைக்கு நெருங்கியது.

அப்படியானால் உழைப்பு எதையும் மாற்றுவதில்லையா? மாற்றுகிறது, ஆனால் மாற்றம் நிகழ்வது கஃபீனின் அளவில் அன்று, அது வேலை செய்யும் களத்தில். கஃபீன் தானாக ஆற்றல் எதையும் தருவதில்லை. அடினோசினின் ஏ1, ஏ2ஏ வாங்கிகளை அடைத்து, அடினோசின் போடும் தடையை நீக்குகிறது. உழைக்கும் திசு ஏடிபியைச் செலவழிக்கையில் அடினோசின் பெருகுகிறது. வாங்கிகளுக்கான போட்டி அதனால் கடுமையாகி, அதே அளவு கஃபீன் சிறு பங்கையே அடைக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் நீக்க வேண்டிய தடையும் அப்போதுதான் உண்டு. இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதை அளவீடே சொல்ல வேண்டும்.

2006இல் சூரிச்சில் செய்யப்பட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 200 மில்லிகிராம் கஃபீன் ஓய்விலிருந்தவர்களின் இதயத்தசைக் குருதியோட்டத்தை மாற்றவில்லை. அதே கஃபீனுக்குப் பின் பயிற்சி செய்தபோது, ஓட்டம் எத்தனை மடங்கு கூடலாம் என்ற இருப்புத்திறன் 22% குறைந்தது. ஓய்வில் கண்ணுக்குப் படாத விளைவை உழைப்பு வெளிக்கொண்டுவந்தது. ஆரோக்கியமானவர்களிடம் இது தீங்காக முடிந்ததென்று ஆய்வு சொல்லவில்லை. இதயநோய் உள்ள மூத்த வலைத்தொழிலாளி விடயத்தில் அலட்சியமாக விடத்தக்கதுமன்று. மூளையின் பக்கமும் இதே போக்குத்தான். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்ற உணர்வை, உழைக்கும் நேரத்திலேயே, கஃபீன் சராசரியாக 5.6% குறைக்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. உழைப்பு கஃபீனைக் கரைத்துவிட்டிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது.

தேத்தண்ணி சிறுநீரைக் கூட்டி உடலை உலர்த்திவிடும் என்ற மறுப்பு இங்கு நீண்ட விடை வேண்டுவதன்று. வழக்கமாகக் குடிப்பவர்களிடம் அவ்விளைவு சிறிது; பயிற்சியின்போது மேலும் மங்கிவிடுகிறது.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. ஒரு மணிநேர உழைப்பு நொதியத்தை மாற்றாவிட்டாலும், வாரக்கணக்கான கடும் உழைப்பு மாற்றலாம். ஒரு மாதம் நாள்முழுதும் கடும்பயிற்சி செய்தவர்களில் சிவைபி1ஏ2இன் செயற்பாடு உயர்ந்ததாக 1991ஆம் ஆண்டின் டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. பருவம் முழுக்க வடம் இழுப்பவர், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரைவிடக் கஃபீனை விரைந்து நீக்கக்கூடும் என்பதை ஏற்கலாம். ஆனால் அது ஈரலின் மெதுவான பழக்கம், அன்றைய காலை உழைப்பின் வேலையன்று. ஓய்வு நாளிலும் அது அப்படியே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பழைய கருத்து நீடித்ததற்குப் பாதிக் காரணம். மறுபாதி, பீடியும் சிகரட்டும். புகையிலைப் புகை இதே நொதியத்தைத் தூண்டி, புகைப்பவரின் கஃபீன் அரைவாழ்வைப் பாதியளவுக்குக் குறைக்கவல்லது. புகைக்கும் உழைப்பாளியையும் புகைக்காத அலுவலரையும் ஒப்பிட்டுவிட்டு வேறுபாட்டை உழைப்பின் கணக்கில் எழுதுவது எளிது.

கடற்கரையில் இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. உமிழ்நீரில் கஃபீனின் செறிவு திரவவிழையச் செறிவை நன்றாகப் பின்தொடர்கிறது. ஊசியின்றியே மாதிரி எடுக்கலாம். அதே ஆளிடம் வலை இழுக்கும் நாளிலும் கடலுக்குப் போகாத நாளிலும், அதே சாயத்தில், அதே நேரத்தில் எடுக்க வேண்டும். கஃபீனோடு அதன் முதன்மை விளைபொருளான பாராசாந்தீனையும் அளந்தால், ஈரலின் வேலையையும் கனவளவின் சுருக்கத்தையும் பிரித்தறியலாம். புகைப்பழக்கத்தைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இரு நாள்களிலும் சீனியின் அளவும் ஒன்றாயிருக்க வேண்டும். வடத்தில் நிற்பவருக்கு முதலில் தெம்பு தருவது கஃபீனா சீனியா என்பது கேத்தலைப் பார்த்துத் தெரிவதில்லை.