உதட்டின் உரிமை

திண்டுக்கல் சமவெளியில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இல்லை. குடகனாறும் மழையை நம்பியதே. ஆதலால் குளமும் கிணறுமே இங்கு மக்களின் உயிர்நாடி. அக்கிணற்று நீரைச் சட்டம் யாருக்கு உரியதாக்கிற்று?

1882-இல் ஆங்கில ஆட்சி இந்திய வசதியுரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் 7-ஆம் பிரிவின்படி, வரையறுத்த கால்வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நிலவுடைமையாளரின் உரிமை. அவர் நிலத்துக்கு ஊறிவரும் நீரைப் பிறர் முறைகேடாக மாசுபடுத்தலாகாது என்பதும் அவர் உரிமையே. பார்வைக்கு இது நீதிதான். ஆயினும் இரண்டு உரிமைகளும் நிலத்தோடு பிணைந்தவை. ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலியாளுக்கு இப்பிரிவில் இடமில்லை.

கவலை இறைத்த காலத்தில் மாட்டின் வலிமையே இறைப்புக்கு எல்லை. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அந்த எல்லை தகர்ந்தது. வசதியுள்ளவர் ஆழத் தோண்டினார். ஏழையின் கிணறு வறண்டது.

நம் ஹனஃபி சட்ட நூல்கள் வேறு வழி காட்டுகின்றன. தரிசில் கிணறு வெட்டியவருக்குச் சுற்றிலும் 40 முழம் 'ஹரீம்' உண்டென்றும், அதற்குள் பிறர் கிணறு தோண்டலாகாதென்றும் 'ஹிதாயா' கூறும். அக்கிணற்றுக்காரரும், அருகில் வேறு நீர் இல்லாதபோது, தாகித்த மனிதரையும் கால்நடையையும் தடுக்கவியலாது. இதற்கு 'ஹக்குஷ் ஷஃபா', அதாவது உதட்டின் உரிமை என்று பெயர். நிலம் இல்லாதவருக்கும் உதடு உண்டன்றோ!

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் இவ்வட்டாரத்தை மேலும் வாட்டியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஆராயப்பெற்ற 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்பதை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய அத்தீர்ப்பு, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையையும் ஆதாரமாகக் கொண்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நிலத்தைப் பாராது உயிரைப் பார்த்த சட்டம் ஒருவாறு அன்று பிறந்தது எனலாம்.

எனினும் 2003-இல் தமிழக அரசு இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது.

தோல் தொழிலில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது. அதன் வருவாயால் நடந்த அறப்பணிகளும் பல. ஆனால், அயலாரின் கிணற்றைக் கெடுத்து ஈட்டிய பொருளால் அறம் செய்வது தகுமா? மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். அப்பெருமகனாரின் வரலாற்றைப் பெருமையுடன் பேசும் நாம், இக்கேள்விக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.