மலேசியப் பல்கலைக்கழக மாணவரின் அன்றாடம்: ஒரு நூற்றாண்டு வரலாறு

மலேசியாவின் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலும் மாணவரின் ஒரு நாள், விரிவுரை, பயிற்சி வகுப்பு, குழுப்பணி, விடுதி நிகழ்ச்சிக்கான ஒத்திகை, கழகக் கூட்டம், பகுதிநேர வேலை என நள்ளிரவு வரை நீள்வது இன்று வழக்கமாகிவிட்டது. இதை இளமையின் இயல்பாகவோ காலத்தின் வேகமாகவோ கொள்வது எளிது. ஆனால் நாட்டின் உயர்கல்வி வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால், மாணவரின் நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது, அதை யார் முடிவுசெய்வது என்பது காலனி ஆட்சிக் காலந்தொட்டே அரசியல் வழக்காக இருந்து வந்ததும், 1975ஆம் ஆண்டில் அவ்வழக்குக்கு அரசு அளித்த தீர்ப்பே இன்றைய மாணவரின் கால அட்டவணையில் பெரும்பகுதியாக நிற்பதும் புலப்படும்.

மலாயாவின் உயர்கல்வி சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. சீன வணிகர் தான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர்ச் செல்வர்கள் அரசுக்கு விண்ணப்பித்து, தாங்களே 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்ததால் உருவான அப்பள்ளி, சிப்பாய் லைன் பகுதியில் பெண்களுக்கான மனநோய் மருத்துவமனையாக முன்பிருந்த கட்டடத்தில் 23 மாணவர்களுடன் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தில் மாணவரின் நாளை மருத்துவமனையே வகுத்தது. வகுப்பறைக்கும் நோயாளிக் கூடத்துக்கும் இடையிலான நடையே அவர்களின் அன்றாடமாக இருந்தது. கலை, அறிவியல் படிப்புகளுக்கென 1928இல் நிறுவப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரியின் நிலை வேறு. அங்கு பட்டம் வழங்கப்படவில்லை, பட்டயம் மட்டுமே. எனினும் ஆங்கிலேயக் கல்விக்கூடங்களின் மாதிரியில் மாணவர் விடுதியில் ஒன்றாக உண்டு, உறங்கி, விளையாடி வாழும் முறை அங்கு வேரூன்றியது. புதிதாகச் சேர்ந்தவர்களை மூத்தோர் கேலிக்கும் ஏவலுக்கும் ஆளாக்கும் ராகிங் என்னும் வழக்கமும் அதனுடன் வந்து சேர்ந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள், இறந்துபோன சக மாணவர் ஒருவரை மருத்துவமனை வளாகத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்து பலர் மாண்டனர்.

போருக்குப் பின் கார்-சாண்டர்ஸ் குழுவின் பரிந்துரைப்படி இவ்விரு கல்லூரிகளும் இணைக்கப்பட்டு, 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. சிங்கப்பூரில் இருந்தாலும் அது கூட்டரசு மலாயாவுக்கும் பொதுவான ஒரே பல்கலைக்கழகம் என்பதால், தீபகற்பத்தின் சிறு நகரங்களிலிருந்து வந்தவர்கள் வீட்டைவிட்டு விடுதிகளில் தங்கியே படிக்க நேர்ந்தது. வெவ்வேறு இனத்தையும் ஊரையும் சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் உண்டு, இரவு நெடுநேரம் வாதாடிய அந்தச் சிறு உலகம், விரைவில் விடுதலைபெறவிருந்த ஒரு நாட்டின் ஆட்சியாளர்களும் எதிர்க்கட்சியினரும் பயிற்சி பெற்ற இடமாயிற்று. 1947இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1953இல் பட்டத்துடன் வெளியேறிய மகாதீர் முகமது, படிக்கும் காலத்திலேயே புனைபெயரில் நாளிதழுக்கு அரசியல் கட்டுரைகள் எழுதிவந்தார். மாணவர் அரசியல் பற்றிய அவருடைய பிற்காலக் கருத்தை எடைபோடும்போது இதை மறந்துவிடலாகாது.

1953இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகச் சோசலிசக் கழகம் அக்கால மாணவர் ஓய்வு நேரத்தை எவ்வாறு செலவிட்டனர் என்பதற்குச் சிறந்த சான்றாகும். கழகத்தின் இதழான ஃபஜார் 1954ஆம் ஆண்டு மே மாதம் ஆசியாவில் நிகழும் ஆக்கிரமிப்பைக் கண்டித்துத் தலையங்கம் வெளியிட, அதற்காக எம்.கே. ராஜகுமார், ஜேம்ஸ் புதுச்சேரி உள்ளிட்ட எட்டு மாணவர்கள் அரசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதாயினர். பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி.என். பிரிட்டும் அவருக்குத் துணையாக லீ குவான் யூவும் வாதாடிய அவ்வழக்கில், மாணவர் அனைவரும் ஆகஸ்ட் மாதத்தில் விடுதலையாயினர். தேர்வுக்குப் படிப்பதும் இதழ் நடத்துவதும் நீதிமன்றம் ஏறுவதும் ஒரே ஆண்டுக்குள் அடங்கிய மாணவ வாழ்க்கை அது.

இக்காலத்தில்தான் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்னும் போராட்டமும் நிகழ்ந்தது. இந்திய இயல் துறை ஒன்றை அமைப்பது குறித்து ஆலோசனை வழங்கிய வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதன்மை தருமாறு பரிந்துரைத்தபோது, மலாயா இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழரே என்பதைச் சுட்டித் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்ப்பியக்கம் தொடங்கினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் சிறு சிறு தொகைகளைத் தந்தனர். பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பகுதி அப்பணத்தால் வளர்ந்தது. 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. தம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பார்கள் என்ற உறுதி ஏதுமில்லாத காலத்தில், பால்மரம் சீவியவர்கள் அந்நூலகத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது மலேசியத் தமிழ்க் கல்வி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தியாகும்.

1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாகி, 1962ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பந்தாய் பள்ளத்தாக்கில் இயங்கிய கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இந்திய இயல் துறையின் தலைமையை ஏற்றிருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. வளாகத்தில் விடுதிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பட்டப்படிப்பு பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வைச் சார்ந்திருந்ததால், ஆண்டின் முற்பகுதியில் மாணவருக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. அந்த நேரத்தை நிர்வகித்தது மாணவர் சங்கம். மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குத் தனிக் கட்டடமும், சொந்த நிதியும், மஹாசிஸ்வா நெகாரா என்னும் செய்தித்தாளும் இருந்தன. சங்கத் தலைவர்களை மாணவர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். விரிவுரை முடிந்ததும் மாணவர் கூடிப் பேசுவதற்குச் சொற்பொழிவு மூலை என்ற திறந்தவெளி மேடையும் இருந்தது. தெலுக் கோங்கில் நிலமற்ற உழவர்கள் 1967இல் ஹமிது துவா தலைமையில் காட்டைத் திருத்திக் குடியேறி வெளியேற்றப்பட்டபோது மாணவர் அவர்களுக்கு ஆதரவாக நின்றனர். 1969ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது சங்கம் தானே ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு நாட்டின் பல நகரங்களில் கூட்டம் நடத்தியது.

அத்தேர்தலை அடுத்து நிகழ்ந்த மே 13 இனக் கலவரம் அனைத்தையும் மாற்றியது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டு ஆட்சிப் பொறுப்பை ஏற்ற தேசிய நடவடிக்கை மன்றம், மலாயாப் பல்கலைக்கழக மாணவரின் வளாக வாழ்வை ஆராய மஜித் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மாணவர் எப்படி வாழ்கின்றனர் என்பதையே அரசு விசாரணைக்குரிய பொருளாகக் கொண்ட அக்குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர் சேர்க்கையில் நாட்டின் இன விகிதம் பிரதிபலிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கையும், பல்கலைக்கழகங்கள் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. மலாய் மொழிப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆக்கு என்றே மாணவரிடையே வழங்கும் அச்சட்டம், பல்கலைக்கழகங்களை அமைப்பதற்கும் நடத்துவதற்குமான பொதுவிதிகளோடு மாணவரின் வெளித் தொடர்புகளுக்குக் கட்டுப்பாடுகளையும் விதித்தது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1969இலும் தேசியப் பல்கலைக்கழகம் 1970இலும் தோன்றி மாணவர் தொகை பெருகத் தொடங்கியிருந்த வேளை அது.

சட்டம் வந்த மூன்றாண்டுகளில் மாணவர் இயக்கம் தன் உச்சத்தைத் தொட்டது. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜொகூர் பாரு தாசேக் உத்தாராவில் புறம்போக்குக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது அங்குச் சென்ற மாணவர் சங்கச் செயலாளர் ஹிஷாமுடின் ராயிஸ் உள்ளிட்டோர் கைதாயினர். அதைக் கண்டித்துச் செப்டம்பர் 21ஆம் நாள் மாணவர் சங்கம் மலாயாப் பல்கலைக்கழக நிர்வாகத்தையே சிறிது நேரம் தன் கையில் எடுத்துக்கொண்டது. சங்கம் முடக்கப்பட்டது. எனினும் இரண்டே மாதங்களில், ரப்பர் விலை வீழ்ச்சியால் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் பட்டினி கிடக்கின்றனர் என்ற செய்தி பரவி அங்கே ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்த, டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூர்ச் சிலாங்கூர் கிளப் திடலில் பல பல்கலைக்கழகங்களின் மாணவர் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர். சில நாள்களில் காவல்துறையினர் விடிவதற்கு முன் வளாகங்களுக்குள் நுழைந்து சோதனை நடத்தினர். அப்போது இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த அன்வர் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சுமார் இரண்டாண்டுகள் சிறையிருந்தார். தலைமறைவாகி நாட்டைவிட்டு வெளியேறிய ஹிஷாமுடின் 1994இல்தான் திரும்பினார்.

1975இல் ஆக்கு சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தம் கல்வியமைச்சர் மகாதீர் முகமதுவின் காலத்தில் நிறைவேறியது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. நேரடித் தேர்தலும் சொந்த நிதியும் கொண்ட சங்கங்கள் மறைந்து, மாணவர் பிரதிநிதித்துவ மன்றங்கள் வந்தன. மாணவர் அமைப்புகள் பணம் திரட்டும் உரிமையை இழந்தன. அரசியல் கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஆதரவு தெரிவிப்பதும் குற்றமாயிற்று. மாணவர் நலப் பிரிவு என்னும் நிர்வாக அலுவலகத்தின் ஒப்புதலின்றி எந்த நிகழ்ச்சியும் நடைபெற முடியாத நிலை ஏற்பட்டது. இங்குக் கவனிக்க வேண்டியது, மாணவரின் நேரத்திலிருந்து அரசியல் அகற்றப்பட்ட பின் அந்த இடம் வெறுமையாக விடப்படவில்லை என்பதே. மதிப்பெண்ணோடு கூடிய இணைப்பாடம், விடுதிகளுக்கிடையிலான கலை, விளையாட்டுப் போட்டிகள், கட்டாயப் புகுமுக வாரம், பட்டமளிப்புத் திருவிழா என அனுமதிக்கப்பட்ட நடவடிக்கைகள் அவ்விடத்தை நிரப்பின. கோலேஜ் என்று மாணவர் அழைக்கும் வளாக விடுதிகள் பலவற்றில், நிகழ்ச்சிகளில் பங்கேற்றுப் பெறும் புள்ளிகளே அடுத்த ஆண்டு அறை கிடைக்குமா என்பதைத் தீர்மானித்தன. வெளியே வாடகைக்கு இடம் பிடிக்க வசதியில்லாத மாணவர் விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒத்திகைக்குச் சென்றாக வேண்டியிருந்தது. மாணவர் ஆளுமையை வளர்க்கும் ஏற்பாடு என்று இதை நிர்வாகங்கள் விளக்கின. அவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் கூடுவதா, பேசுவதா, படிப்பதா என்று தாமே முடிவுசெய்யும் பழக்கம் அதனால் வளரவில்லை.

தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இந்த வரலாறு சற்று வேறு வழியில் சென்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவர் மலாய் இடைநிலைப் பள்ளியில் சேருமுன் ரிமூவ் எனப்படும் ஓராண்டு இடைவகுப்பில் அமர நேர்ந்ததும், இட ஒதுக்கீட்டின் இறுக்கமும், தோட்டப்புற வறுமையும் சேர்ந்து, பல்கலைக்கழகத்தை எட்டியவர் தொகையைக் குறைவாகவே வைத்திருந்தன. எட்டியவர் மீது சமூகத்தின் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டியும், அதிலிருந்து தொகுத்து வெளிவந்த பேரவைக் கதைகளும் மலேசியத் தமிழ் இலக்கியத்துக்குப் பல எழுத்தாளர்களைத் தந்தன. அதைவிடப் பரவலான பணி 1982இல் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தம்பிராஜா தலைமையில் விரிவுரையாளரும் மாணவரும் சேர்ந்து நிறுவிய ஸ்ரீ முருகன் நிலையம், நாடெங்கும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் ஏழை இந்திய மாணவருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிற்று. அந்நிலையத்தில் தொண்டாற்றிய பல்கலைக்கழக மாணவர் வார இறுதியில் பேருந்து ஏறிச் சென்று கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்துவிட்டு, தம் சொந்தப் பாடங்களைப் படிக்க இரவில் திரும்பினர். பிற மாணவரின் பரபரப்பை நிர்வாகம் வகுத்தது என்றால், இவர்களின் பரபரப்பில் ஒரு பகுதியைச் சமூகக் கடமை வகுத்தது.

1990களில் காசு முதன்மைக் காரணியாக நுழைந்தது. 1996இல் நிறைவேறிய தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிட்டது. 1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் உருவாகி, அரசு உதவித்தொகைக்குப் பதிலாகக் கடன் வாங்கிப் படிப்பது பெரும்பாலோரின் வழியாயிற்று. கெடாவில் 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இந்தியர் முயற்சியில் எழுந்த தனியார் நிறுவனமாகும். கடன் தொகை மாத இறுதிவரை போதாதபோது உணவகத்திலும் அங்காடியிலும் வேலை, பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் எனப் புதிய மணிநேரங்கள் நாளுடன் ஒட்டிக்கொண்டன. ஆண்டிறுதித் தேர்வின் இடத்தைப் பருவமுறை பிடித்ததால், பதினான்கு வாரங்களுக்குள் இடுபணி, படைப்பு, இடைத்தேர்வு, இறுதித்தேர்வு எனத் தொடரும் மதிப்பீடு மாணவருக்கு ஓய்வான மாதம் என ஒன்றை விட்டுவைக்கவில்லை. 2002இல் தகுதி அடிப்படையிலான சேர்க்கை அறிமுகமான பின், அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு ஒதுக்கப்பட்டதால், சான்றிதழ் சேர்க்கும் ஓட்டம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சட்டக் கட்டுப்பாடுகள் மட்டும் மெல்லத் தளர்ந்தன. 2010ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பிரசாரப் பகுதியில் இருந்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் தொடுத்த வழக்கில், அரசியல் ஆதரவைத் தடுக்கும் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மாணவர் கட்சியில் சேரவும், 2019இல் வளாகத்துக்குள்ளேயே அரசியலில் ஈடுபடவும் சட்டம் இடமளித்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் அமைப்புகளுக்குத் தம் நிதியைத் தாமே திரட்டி நிர்வகிக்கும் உரிமையை மீட்டுத் தந்தது. 1975இல் பறிக்கப்பட்ட உரிமைகளுள் முக்கியமானவை ஏட்டளவில் திரும்பிவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவதற்கு 1960களின் மாணவருக்கு இருந்த நேரத்தைத் திருப்பித் தர எந்தத் திருத்தமும் இதுவரை முயலவில்லை.