போர்க்களத்தை மேசைமேல் வைத்த மனிதர்



நம் பிள்ளைகள் களிமண்ணைப் பிசைந்து சிப்பாய் செய்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். தீக்குச்சி ஒன்று துப்பாக்கியாகிவிடும். தேங்காய்ச் சிரட்டை கோட்டையாகிவிடும். "வேலையற்ற வேலை" என்று நாமும் ஓர் அதட்டுப் போட்டுவிட்டு அப்பால் போய்விடுகிறோம். ஆனால் இந்தச் சின்னஞ்சிறு போர்வீரர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில், உண்மையைச் சொல்லப் போய்த் துன்பப்பட்ட ஒரு மனிதரும் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம்.

முதலில் எகிப்து நாட்டுக்குப் போவோம். அங்கே அஸ்யூத் என்னும் ஊரில் மெசெஹ்தி என்ற ஆளுநரின் கல்லறையைத் திறந்தபோது, மரத்தால் செதுக்கிய இரண்டு படைப்பிரிவுகள் கிடைத்தன. ஒன்றில் ஈட்டி ஏந்திய எகிப்திய வீரர்கள் 40 பேர். மற்றொன்றில் வில் ஏந்திய நூபிய வீரர்கள் 40 பேர். இவை செய்யப்பட்டு ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்திலேயே உயரத்திலும் நிறத்திலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டியிருக்கிறான் அந்தச் சிற்பி.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கே கைவினைஞர்கள் பலகைக் கல்லில் வீரனின் உருவத்தைக் குழிவாகச் செதுக்குவார்கள். முன்புறத்துக்கு ஒரு கல், பின்புறத்துக்கு ஒரு கல். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை அது. வெள்ளீயம் என்றால் வேறொன்றுமில்லை. நம் கிந்தா வட்டாரத்து ஈயலம்பங்களில் எடுத்தார்களே, அதே உலோகந்தான். தட்டையாக வார்த்தெடுத்த அந்த வீரனுக்குப் பித்தானும் இடைவாரும் மீசையும் தூரிகை நுனியால் வரையப்படும்.

1893-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் வேறொரு வழியைக் கையாண்டார்கள். அச்சுக்குள் உலோகக் குழம்பை ஊற்றினார்கள். அச்சின் சுவரை ஒட்டிய பகுதி இறுகியவுடன், நடுவில் இன்னும் இறுகாமல் இருந்ததை வெளியே கவிழ்த்துவிட்டார்கள். உட்புறம் கூடாக இருந்ததால் உலோகம் குறைந்தது, விலையும் குறைந்தது. பின்னாளில் பிளாஸ்டிக் வந்தது. காரீயம் குழந்தைகளுக்கு நஞ்சு என்ற கவலையும் வளர்ந்தது. 1966-ஆம் ஆண்டோடு அந்த நிறுவனம் காரீய வீரர்களைச் செய்வதை நிறுத்திக்கொண்டது.

இனி நாம் சொல்லவந்த மனிதரிடம் வருவோம். அவர் பெயர் வில்லியம் சைபோர்ன். ஆங்கிலேயப் படையில் ஓர் இளநிலை அதிகாரி. 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், பெல்ஜியத்தில் வாட்டர்லூ என்ற இடத்தில் நெப்போலியன் தோற்கடிக்கப்பட்டான். வெற்றி பெற்ற தளபதி வெல்லிங்டன் கோமகன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்குகொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி இவர்தான். அந்த வாட்டர்லூப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்து தரும்படி 1830-ஆம் ஆண்டில் சைபோர்னுக்கு உத்தரவு கிடைத்தது.

சைபோர்ன் போரில் கலந்துகொண்டவர் அல்லர். ஆகவே கேட்டும் அளந்தும் அறிய முற்பட்டார். போர் நடந்த இடத்திலுள்ள லா ஹே செயிந்த் என்ற பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை எல்லாம் அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். "மாலை ஏழு மணி அளவில் உங்கள் பிரிவு எங்கே நின்றது? எதிரே யார் நின்றார்கள்?" என்று கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்து குவிந்தன.

1833-இல் அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது. அவர் கைப்பணத்தைப் போட்டும் கடன் வாங்கியும் வேலையைத் தொடர்ந்தார். 1838-ஆம் ஆண்டில் மாதிரி லண்டனில் காட்சிக்கு வந்தது. ஏறத்தாழ 20 அடிக்கு 20 அடிப் பரப்பில் வயலும் வேலியும் வீடும். அவற்றினிடையே ஏறத்தாழ 75,000 உலோக வீரர்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மைல் நிலம் அந்த மாதிரியில் ஒன்பது அடி. அப்படியானால் ஆறடி மனிதன் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். அரிசிமணியில் பாதி. அதில் முகமும் சட்டையும் காட்ட முடியுமா? ஆகவே உருவங்களை ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் உயரத்தில் செய்தார். ஓர் உருவம் இரண்டு வீரர்களுக்கு ஈடு என்று வைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அளவைக் கூட்டுவது கலைக்கு வேண்டிய சமாதானம். அதில் குற்றமில்லை.

ஆனால் குற்றம் வேறிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று மாலை வெல்லிங்டனுக்குத் துணையாக, புளூஹர் என்ற முதிய தளபதியின் தலைமையில் பிரஷ்ய நாட்டுப் படை வந்து சேர்ந்தது. சைபோர்ன் தமக்குக் கிடைத்த செய்திகளின்படி அவர்களைப் பெருந்தொகையாகக் களத்தில் நிறுத்தினார். வெல்லிங்டன் தரப்பு இதை விரும்பவில்லை. வெற்றியின் பெரும்பங்கு பிறர் கைக்குப் போவதுபோல் தோன்றுகிறது என்பது அவர்கள் மனக்குறை. கடைசியில் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதி மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு நெருக்கடியால் அவர் இதைச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து அந்த மாதிரியைப் பார்த்தார்கள். ஆனாலும் சைபோர்ன் போட்ட பணம் அவர் கைக்குத் திரும்பவில்லை. 1844-இல் அந்தப் போரின் வரலாற்றை விரிவான நூலாக எழுதினார். 1849-இல் காலமானார். அவருடைய மாதிரி லண்டனில் தேசிய இராணுவ அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவருக்கு வந்த கடிதங்களில் பலவற்றை அவருடைய மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார். மேசையிலிருந்து உருவங்களை எடுத்துவிடலாம். எழுதிவைத்த சாட்சியத்தை அவ்வளவு எளிதாக எடுத்துவிட முடியாது என்பதற்கு அந்த நூலே சான்று.

நேயர்களே, வெற்றி பெற்றவரின் பெயர் கல்லில் நிற்கும். களத்தில் உடன் நின்றவர்களை யாராவது கேட்டு எழுதினால்தான் உண்டு. இந்த நாட்டுத் தோட்ட வரலாற்றிலும் துரைமாரின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. காட்டை வெட்டியவர், கன்று நட்டவர், மங்கு மங்காய்ப் பால் சேர்த்தவர் பெயர்களெல்லாம் எங்கே இருக்கின்றன?

ஆகவே ஒன்று செய்வோம். இந்த வாரம் பிள்ளைகளிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, நாம் வாழ்ந்த தோட்டத்தை வரையச் சொல்வோம். லயம், கோயில், பள்ளிக்கூடம், பால் ஸ்டோர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குறிக்கட்டும். பிறகு தாத்தா பாட்டியிடம், சைபோர்ன் கேட்டதுபோலவே கேட்கட்டும்: "காலைப் பெரட்டில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்?" சொல்லும் பெயர்களை அந்தந்த இடத்திலேயே எழுதிவைக்கட்டும். பிடிக்காதவர் பெயராக இருந்தாலும் அழிக்கவேண்டாம்.