தீயணைப்போர் நாள் பிறந்த வரலாறு

ஏப்ரல் 14 என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது சித்திரைப் புத்தாண்டே. மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழரும் வாயிலில் கோலமிட்டு, மாங்காயும் வேப்பம்பூவும் சேர்த்துச் சமைத்து ஆண்டுப் பிறப்பை வரவேற்கின்றனர். அதே நாளில் அந்நகரங்களின் தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் அணிவகுத்து நின்று, கடமையில் உயிர்நீத்த தோழர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். நாடெங்கும் அது தீயணைப்புப் பணி நாள். அது பிறந்த வரலாறு நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

நம் நாட்டில் தீயணைப்புப் பணி ஊர்தோறும் தனித்தனியே வளர்ந்தது. பம்பாய்க் கோட்டை நகரின் பெரும்பகுதியை 1803-ஆம் ஆண்டில் தீ விழுங்கியது. எனினும் அங்கு 1855-ஆம் ஆண்டு முதல் தீயணைப்பு என்பது காவல் துறையினரின் பகுதிநேர வேலையாகவே இருந்தது. 1887-ஆம் ஆண்டிலேதான் நகராட்சியின் பொறுப்பில் முறையான படை ஒன்று அமைந்தது. குதிரைகள் இழுத்த வண்டிகளுக்குத் துணையாக முதல் மோட்டார் வண்டி 1907-இல் வந்து சேர்ந்தது. சென்னையில் இப்பணி 1908-இல் தொடங்கிற்று. ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்குள் தன்னால் இயன்றதைச் செய்தது. அனைவருக்கும் பொதுவான பயிற்சியோ நெறிமுறையோ அன்று இல்லை.

இந்நிலையில் வந்தது 1944. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 'போர்ட் ஸ்டிக்கீன்' என்னும் சரக்குக் கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும் இருந்தன. ஏப்ரல் 14 பிற்பகலில் சரக்கறையிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்போர் விரைந்து வந்து டன் கணக்கில் நீரைப் பாய்ச்சினர். அடர்ந்த புகையில் தீயின் ஊற்றுக்கண் புலப்படவில்லை. பாய்ச்சிய நீரே கொதித்தது. கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே அமிழ்த்துவதா, நின்று தீயோடு போராடுவதா என்பதை உறுதியாக முடிவு செய்து ஆணையிடுவார் எவரும் இல்லை. அதிகாரிகள் கலந்து பேசிக்கொண்டிருக்க, நேரம் கழிந்தது. வீரர்களோ தம் இடத்தை விட்டு அகலவில்லை.

மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்திற்குள் மற்றொரு வெடிப்பு, முன்னதினும் பெரிதாக நிகழ்ந்தது. இதன் அதிர்வைத் தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவியும் பதிவு செய்தது. பல நூறு பேர் மாண்டனர்; அவர்களுள் தீயணைப்புப் படையினர் 66 பேர். எஞ்சிய தோழர்கள் மூன்று நாட்கள் போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர்.

இங்கே நாம் கருதவேண்டிய உண்மை ஒன்று உண்டு. அன்று குறைவாக இருந்தது வீரம் அன்று. முன்னறிவும், ஒன்றுபட்ட கட்டளையுமே. தனி ஒருவரின் துணிவால் மட்டும் பெருந்தீயை வெல்ல இயலாது என்னும் பாடத்தை நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

விடுதலைக்குப் பின் அப்பாடம் செயல்வடிவம் பெற்றது. மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்து பரிந்துரை கூற, 1950-களில் மத்திய அரசு நிலையான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1956-இல் இராம்பூரில் தொடங்கிய தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி, மறு ஆண்டு நாகபுரிக்கு மாறியது. வெவ்வேறு மொழி பேசும் மாநிலத்தார் அங்கே ஒரே பயிற்சி பெற்று, ஒரே பணியின் உறுப்பினராயினர். மும்பையின் 66 பேரைத் தம்மவராகவே எல்லா மாநில வீரரும் போற்றுவது இந்த ஒருமையின் அடையாளம்.

ஆயினும் நிருவாகம் இன்றும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை. மும்பையிலோ அது மாநகராட்சியின் பொறுப்பு. சட்டங்களும் மாநிலந்தோறும் வேறு. புதிதாகக் குடியேறுவோர் தம் ஊரின் முறையை அறிந்து வைத்தல் நன்று.

சட்டம் ஒன்றே காவல் ஆகிவிடாது என்பதும் நினைவிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டிலேயே தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் கூரைக் கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. ஏட்டில் இருந்த விதி, கூரையின் கீழ் இருந்த பிள்ளைகளைக் காக்கவில்லை.

வீடுகள் நெருங்கிய தாராவி போன்ற பகுதிகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் நம்மவர் பலர் வாழ்கின்றனர். மாடிப்படியில் பழைய பொருள்களை அடுக்காதிருத்தலும், வண்டி நுழையும் வழியை அடைக்காதிருத்தலும், 101 அல்லது 112 என்னும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தலும் நம்மால் இயலும். நமக்காகத் தீக்குள் நுழைபவருக்கு வழியைத் திறந்து வைப்பது நம் கடமை.