'விற்பனைக்கு' பலகை வைக்கத் தடை: வில்லிங்பரோ கதை

வீட்டு வாசல்ல "விற்பனைக்கு" என்று ஒரு பலகை. அதைப் படிப்பவர் இரண்டு வகை. வீடு தேடி வருபவருக்கு அது ஒரு விளம்பரம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ அது ஒரு செய்தி: "இவங்க கிளம்புறாங்க." இந்த இரண்டாவது வாசிப்புக்குப் பயந்து அமெரிக்காவில் ஒரு ஊர் பலகையையே தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரியல் எஸ்டேட் பலகைகளுக்கான உள்ளூர் விதிகளைப் பற்றிப் படிக்கும் யாரும் தாண்டிப் போக முடியாத வழக்கு அது.

ஊரின் பெயர் வில்லிங்பரோ, நியூ ஜெர்சி மாநிலம். 1950களின் இறுதியில் லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும் விலை. 1959இல் ஊர் தன் பெயரையே லெவிட்டவுன் என்று மாற்றிக்கொண்டது. 1963இல் பழைய பெயருக்குத் திரும்பியது. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் அங்கேயே வீடு வாங்கிக் குடியிருந்து 'தி லெவிட்டவுனர்ஸ்' என்ற புத்தகம் எழுதியது இந்த ஊரைப் பற்றித்தான்.

1958இல் லெவிட் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது: கறுப்பினத்தவருக்கு இங்கே வீடு விற்க மாட்டோம். பக்கத்திலிருந்த ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பணிபுரிந்த வில்லி ஜேம்ஸ் என்ற கறுப்பின அதிகாரி வீடு கேட்டார், மறுக்கப்பட்டார். அவர் சும்மா விடவில்லை. அரசு உதவி பெறும் வீட்டுத் திட்டங்களில் பாகுபாடு காட்டக்கூடாது என்று நியூ ஜெர்சியில் சட்டம் இருந்தது. லெவிட்டின் வீடுகளோ மத்திய அரசின் எஃப்.எச்.ஏ. கடன் காப்பீட்டை நம்பி நின்றவை. 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் லெவிட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கதவு திறந்தது.

அடுத்த பத்தாண்டில் வில்லிங்பரோ கலப்பு ஊராக வளர்ந்தது. ஊர் நிர்வாகமும் அதை விரும்பியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் தடை போட்டவர்கள் வில்லன்கள் இல்லை.

பயத்தை வைத்து ஒரு வியாபாரம்

அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் 'பிளாக்பஸ்டிங்' என்று ஒரு தொழில் நடந்தது. வெள்ளையர் மட்டுமே வாழும் தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பார்கள், அல்லது விற்கப் போவதாகப் புரளி கிளப்புவார்கள். பிறகு வீடு வீடாகப் போன் செய்து, "அவங்க வர ஆரம்பிச்சிட்டாங்க, விலை விழறதுக்குள்ள வித்துடுங்க" என்பார்கள். பயந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். அதே வீட்டை, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்குக் கூடுதல் விலையில் தள்ளிவிடுவார் புரோக்கர். இரண்டு பக்கமும் லாபம்.

ஒரு தெருவில் வரிசையாக நாலு "விற்பனைக்கு" பலகை நின்றாலே போதும், பயம் தானாகப் பரவும். இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பகுதியில் இனக்கலப்பு ஏற்பட்டால் வீட்டு மதிப்பு குறையும் என்று 1930களிலேயே எஃப்.எச்.ஏ. தன் கையேட்டில் எழுதி வைத்து, அதன்படிதான் கடன் காப்பீடு கொடுத்தது. அரசே சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் தெருவில் புரோக்கர்கள் காசாக்கினார்கள். 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் பிளாக்பஸ்டிங்கைச் சட்டவிரோதமாக்கியது. ஆனால் பலகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்தியானாவின் கேரி, சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் போன்ற ஊர்கள் தாங்களே பலகைக்குத் தடை கொண்டுவந்தன.

வில்லிங்பரோவின் புள்ளிவிவரம் இது: 1970 முதல் 1973 வரை வெள்ளையர் எண்ணிக்கை ஏறக்குறைய 2,000 குறைந்தது. வெள்ளையரல்லாதவர் 3,000க்கு மேல் கூடினார்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 11.7 விழுக்காட்டிலிருந்து 18.2 ஆனது. பொதுக்கூட்டங்கள் நடந்தன. 1974 மார்ச் 18இல் விதி வந்தது: மாதிரி வீடுகள் தவிர வேறெந்த வீட்டின் முன்பும் "விற்பனைக்கு", "விற்றாயிற்று" பலகைகள் வைக்கக்கூடாது.

மார்ஷலின் பேனா

லின்மார்க் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தன் சொத்தை விற்கப் பலகை வைக்க விரும்பி வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது, மேல்முறையீட்டில் தோற்றது. 1977 மே 2இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தடையை ரத்து செய்தது.

தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. வெள்ளையரல்லாதவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை எதிர்த்து 1948இல் அதே நீதிமன்றத்தில் வாதாடி வென்ற வழக்கறிஞர்களில் ஒருவர். கலப்புக் குடியிருப்பு எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊரின் நோக்கம் நல்லது என்று தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். அப்படியும் ஏன் ரத்து செய்தார்?

முதல் காரணம், ஆதாரம் போதவில்லை. வெள்ளையர்கள் பீதியில் பெருமளவு விற்றதாகவோ, அதற்குப் பலகைதான் காரணம் என்றோ ஊரால் காட்ட முடியவில்லை. இரண்டாவது, இது எல்லாப் பலகைக்கும் பொதுவான அளவு விதியோ அழகு விதியோ இல்லை. புல்வெளியில் மற்ற பலகைகள் நிற்கலாம், இந்த வாசகம் மட்டும் கூடாது. அதாவது தடை மரத்துக்கும் தகரத்துக்கும் இல்லை, செய்திக்கு. மூன்றாவதுதான் ஆணிவேர்: வீடு விற்பனைக்கு இருக்கிறது என்பது உண்மையான தகவல். மக்கள் அதைத் தெரிந்துகொண்டால் தவறான முடிவெடுப்பார்கள் என்று சொல்லி ஓர் ஊர் அதை மறைக்கலாம் என்றால், நாட்டிலுள்ள எந்த ஊரும் தனக்குப் பிடிக்காத எந்த உண்மையையும் மறைக்கலாம்.

மாற்று வழியும் சொன்னார். ஊர் மக்களிடம் பேசட்டும், போக நினைப்பவர்கள் தங்குவதற்குச் சலுகை கொடுக்கட்டும், "விற்பனைக்கு அல்ல" என்ற பலகையை வேண்டுமானால் பிரபலப்படுத்தட்டும். (நம்ம ஊர்ல காலி மனைகளில் "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று பார்த்திருப்பீர்கள். அது போலிப் பத்திரத்துக்குப் பயந்து வைப்பது. அங்கே அக்கம்பக்கத்தின் பயத்தைத் தணிக்க.)

பிறகு என்ன ஆச்சு

2010 கணக்கெடுப்பில் வில்லிங்பரோவில் கறுப்பினத்தவர் 70 விழுக்காட்டுக்கு மேல். 1974இல் காக்க நினைத்த கலவை நிலைக்கவில்லை. தடை நீடித்திருந்தால் நிலைத்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகை தெர்மாமீட்டர் மாதிரி. அதை ஒளித்து வைத்தால் ஜுரம் குறையாது.

இதற்கு ஓக் பார்க்கை உதாரணம் காட்டலாம். தீர்ப்புக்குப் பிறகு அங்கேயும் தடை செல்லாது. ஆனாலும் புரோக்கர்கள் பல ஆண்டுகள் தாங்களாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள். அதைவிட முக்கியம், கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்கள் ஊரெங்கும் கலந்து குடியேற உதவ 1972இலேயே அங்கே ஒரு வீட்டுவசதி மையம் தொடங்கப்பட்டிருந்தது. 1970களின் இறுதியில், வீட்டு விலை விழுந்தால் இழப்பை ஈடுசெய்யும் திட்டம் ஒன்றையும் ஊரே கொண்டுவந்தது. "விலை போயிடும்" என்ற பயத்துக்கு நேரடி பதில் அதுதான். ஓக் பார்க் கலப்பு ஊராக இன்றும் பேசப்படுகிறது.

இப்போது அமெரிக்க ஊர்களின் விதிப் புத்தகத்தில் ரியல் எஸ்டேட் பலகை என்று தேடினால் எத்தனை சதுர அடி, எத்தனை பலகை, விற்ற பிறகு எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்ற மாதிரி விதிகள்தான் கிடைக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும். அளவைச் சொல்லலாம், இடத்தைச் சொல்லலாம், "விற்பனைக்கு" என்று எழுதாதே என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் கோட்டைப் போட்டது வில்லிங்பரோ வழக்கு.